மழைக்கு முன்பே கிளம்புவதா, மாடியில் இருந்துவிடுவதா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே ஒரு தளம், மேலே ஒற்றை அறை. போன வருடப் பெருமழையில் நள்ளிரவில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. என் மாமியாருக்கு 74 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்ததிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அன்றிரவு என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். முகாமில் இரண்டு நாள் இருந்தோம். அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. வீடு திரும்பியபோது கால் கட்டைவிரலில் புண். ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது. அந்த நாட்களில் என் 15 வயது மகன்தான் தண்ணீருக்குள் நடந்துபோய் மருந்து வாங்கி வந்தான். அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் ஏழு மாதக் கர்ப்பிணியான நாத்தனாரும் எங்களோடு இருக்கிறார். எச்சரிக்கை வந்ததும் கிளம்பிவிடலாம் என்கிறேன் நான். மாமியாரோ, 'கடலோரத்தில் வெள்ளம் நிற்காது, கடல் இழுத்துக்கொள்ளும், மாடியில் இருந்துகொள்ளலாம்' என்று ஒரே பிடிவாதம். 'ஒரு தூக்க மாத்திரையைக் கொடுத்துத் தூக்கிப் போய்விடலாமா' என்று கணவர் பாதி விளையாட்டாகக் கேட்கிறார். ஃப்ரிட்ஜ் இல்லாமல் இன்சுலினை என்ன செய்வது? எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே போடும் மாத்திரை இருக்கிறதாமே, கடையில் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? போன வருடம்தான் எல்லோரும் டிடி ஊசி போட்டுக்கொண்டோம், அது போதாதா? கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் குடிக்கலாம்தானே?"

அன்புள்ள சகோதரி,

தூக்க மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். உங்கள் கணவர் விளையாட்டாகச் சொன்னாலும், மழை கொட்டும் ராத்திரியில் அந்த விளையாட்டு நிஜமாகிவிடும். 74 வயதில், சர்க்கரை நோயும் இடுப்பில் பழைய முறிவும் உள்ள ஒருவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால், அரைத் தூக்கத்தில் குழம்பி எழுந்து விழலாம். வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயில் போகலாம். எல்லாவற்றுக்கும் மேல், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்குகிறாரா, மருந்தில் தூங்குகிறாரா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. அவர் தெளிந்த புத்தியோடு இருக்கிறார். தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருடையது. ஏமாற்றித் தூக்கிப் போனால் அடுத்த மழைக்கு உங்கள் பேச்சை நம்பவே மாட்டார்.

அவர் ஏன் மறுக்கிறார் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முகாமில் இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை என்கிறீர்கள். வாக்கரோடு, முன்பின் தெரியாதவர்கள் நடுவே, ஈரத் தரையில் வழுக்கி விழாமல் கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். அங்கே குந்தி உட்கார வேண்டியிருந்தால், இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவரால் அது முடியாது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, போக வேண்டிய தேவையே வராமல் இருக்கட்டும் என்று வாயைக் கட்டியிருப்பார். வயதானவர்கள், குறிப்பாகப் பெண்கள், வெள்ள முகாமுக்கு வர மறுப்பதற்கு நான் அடிக்கடி கேட்கும் காரணம் இதுதான். கடல் இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் வெளியே சொல்ல வசதியான காரணம்.

எனவே அவரிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசாதீர்கள், கழிப்பறையைப் பற்றிப் பேசுங்கள். மடக்கி எடுத்துப் போகக்கூடிய கமோடு நாற்காலி கிடைக்கிறது. ஒரு புடவையைத் திரையாகக் கட்ட ஒரு கயிறு, முதியோருக்கான டயப்பர் சில, கூடவே நீங்களோ நாத்தனாரோ இருப்பீர்கள் என்ற உறுதி. இவ்வளவு இருந்தாலே பாதிப் பிடிவாதம் இளகிவிடும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது சின்ன விஷயமும் இல்லை. அவருடைய ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்து சேர்ந்திருந்தால், இரண்டு நாள் வறட்சியே சிறுநீரகத்தைப் பாதிக்கப் போதும்.

கடல் எப்போது இழுத்துக்கொள்ளும், எப்போது இழுக்காது

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. கடல் தாழ்ந்திருக்கும் வேளையில் ஆற்றுநீர் வேகமாக வடியும். ஆனால் பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும், அதாவது கடல் மட்டம் உயர்ந்து இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஓதம் ஏறியிருக்கும் சில மணி நேரம் முகத்துவாரம் அடைபட்ட மாதிரிதான். வரும் மழைநீருக்குப் போக இடம் இருக்காது, வடிகால் வழியாகவே கடல்நீர் எதிர்த்து ஏறவும் கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். புயலோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ நெருங்கினால், காற்றழுத்தம் ஒவ்வொரு மில்லிபார் குறையும்போதும் கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அதன்மேல் காற்றும் கரையை நோக்கித் தண்ணீரைத் தள்ளும்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே பிற்பகலில் கடல் ஓதமும் சேர்ந்துகொண்டதால் தண்ணீர் வடிய வழியில்லாமல் நகரத்துக்குள்ளேயே நின்றது. போன வருடம் உங்கள் வீட்டில் நள்ளிரவில் தண்ணீர் ஏறியதற்கும் அன்றைய ஓத நேரம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும், பக்கத்து மீனவர்களைக் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள். கனமழை எச்சரிக்கையும் ராத்திரி நேரத்து ஓத உச்சமும் ஒரே நாளில் வருகிறதென்றால், அந்த ராத்திரி நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மாடியா, வெளியேறுவதா?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் குடும்பம் வெளியேற வேண்டும், மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே. ஆரோக்கியமான நான்கு பேர் மட்டும் உள்ள வீடாக இருந்தால், உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மாடி சில மணி நேர வெள்ளத்துக்குப் போதும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் ஒருவரால் தானாகப் படி ஏற முடியாது, இன்னொருவருக்கு எந்த நேரமும் மருத்துவமனை தேவைப்படலாம். மாடியில் உயிர் தப்பலாம். அங்கே ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, கீழே இடுப்பளவு தண்ணீர் ஓடும்போது ஆம்புலன்ஸ் எப்படி வரும்? அதிலும், கடல் அலை உயர்ந்து ஊருக்குள் வரும் என்ற புயல் எச்சரிக்கை இருந்தால் மாடி என்ற பேச்சே கிடையாது.

எப்போது கிளம்புவது என்பதை மழை பெய்யும்போது விவாதிக்காதீர்கள், வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லோரும் உட்கார்ந்து தீர்மானியுங்கள். வெளியேறச் சொல்லி அதிகாரிகள் அறிவித்தால் உடனே கிளம்ப வேண்டும், அதில் பேச்சு இல்லை. அதற்கு முன்பே கிளம்ப இரண்டு அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். மிகக் கனமழை வரும் என்று வானிலை மையம் சொல்வது ஒன்று. தெருவில் நீங்களே குறித்துவைத்த ஓர் இடத்தைத் தண்ணீர் தொடுவது இன்னொன்று, அது சிறுபாலத்தின் விளிம்பாகவோ மின்கம்பத்தின் அடியாகவோ இருக்கட்டும். இரண்டில் எது முதலில் நடந்தாலும் கிளம்பிவிட வேண்டும். மாமியாரையும் அந்தப் பேச்சில் உட்காரவைத்து, அடையாளத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தானே வைத்த கோட்டை மீறுவது யாருக்கும் கொஞ்சம் கஷ்டம்.

எங்கே போவது? மேடான பகுதியில், தரைத் தளத்தில், மேற்கத்தியக் கழிப்பறை உள்ள உறவினர் வீடு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இப்போதே பேசி வையுங்கள். முகாம்தான் என்றால், எந்த முகாமில் சாய்வுப் பாதையும் நல்ல கழிப்பறையும் இருக்கின்றன என்று முன்கூட்டியே நேரில் பார்த்துவிடுங்கள். வாக்கரில் நடப்பவர் ஒருவர், கர்ப்பிணி ஒருவர், இன்சுலின் தேவை என்ற மூன்றையும் உள்ளூர் நிர்வாகத்திடம் மழைக் காலத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். முன்னுரிமை கேட்பது சலுகை கேட்பது ஆகாது, கேட்கத் தயங்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டிக்கொண்டால், இருட்டுவதற்குள் மாமியாரை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு ஈரப் படிகளில் நாற்காலியோடு தூக்குவதில் மூன்று பேர் விழுவார்கள். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு, மருந்து, டார்ச், விசில், பவர் பேங்க், மூடியுள்ள வாளி ஆகியவை முன்பே மேலே இருக்கட்டும். மெயின் சுவிட்சைத் தண்ணீர் உள்ளே வருவதற்கு முன் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. மழை நனைக்கிறது என்று ஜெனரேட்டரை வராந்தாவுக்குள் இழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில்தான் அது ஓட வேண்டும்.

இன்சுலினும் அந்தக் கட்டைவிரலும்

ஃப்ரிட்ஜ் நின்றவுடன் இன்சுலின் கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அவ்வளவு சீக்கிரம் கெடாது. பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் சுமார் 28 நாள் வரை பயன்படும். உங்கள் மருந்துக்கான கணக்கு பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அதிக வெப்பம், நேர் வெயில், உறைதல் இந்த மூன்றும்தான் எதிரிகள். பதறிப்போய் ஐஸ் கட்டிக்குள் புதைப்பவர்கள்தான் உண்மையில் மருந்தைக் கெடுக்கிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் ஒரு மூடிய டப்பாவில் வைத்தால் போதும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால், அல்லது பால் நிற மருந்து கட்டி கட்டியாகத் தெரிந்தால், எறிந்துவிடுங்கள்.

வெள்ள நாட்களில் நான் அதிகம் பயப்படுவது சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான். சாப்பாடு நேரத்துக்கு வராது. வந்தாலும் அவர் பாதி சாப்பிடுவார். இன்சுலின் மட்டும் வழக்கமான அளவில் உள்ளே போகும். அதற்காக ஊசியை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. குறைவாகச் சாப்பிடும் நாளில் எவ்வளவு போடுவது என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். குளுக்கோமீட்டரும் போதுமான ஸ்ட்ரிப்புகளும் பையில் இருக்கட்டும், கூடவே குளுக்கோஸ் பொடி. வியர்வை, நடுக்கம், தேவையில்லாத கோபம், குழறும் பேச்சு ஆகியவை தெரிந்தால் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள், பிறகு காரணம் தேடலாம். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

அந்தக் கட்டைவிரல் புண்ணுக்கு வருகிறேன். என் யூகம் இது: நாற்காலியில் தூக்கிப் போனபோது அவருடைய பாதங்கள் இரண்டும் தண்ணீருக்குள் தொங்கியிருக்கும். மிதந்து வந்த ஒரு தகரமோ கிளையோ கீறியிருக்கும். நீண்ட காலச் சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்திருந்தால் அவருக்கு வலித்தே இருக்காது. இரண்டு நாள் முகாமில் யாரும் பாதத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை காலில் மூடிய காலணி போட்டு, அதன்மேல் முழங்கால் வரை பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்து, டார்ச் அடித்து உள்ளங்காலையும் குதிகாலையும் பாருங்கள். தினம் இரண்டு வேளை.

கடலோர வெள்ளத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்பும் நன்னீரும் கலக்கும் வெதுவெதுப்பான நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா வகை வளரும். அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு 22 பேருக்கு விப்ரியோ தொற்று பதிவானது. அவர்களில் 5 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காயம் வழியாகத்தான் தொற்று ஏறியிருந்தது. எண்ணிக்கையில் அரிதான நோய்தான். ஆனால் சர்க்கரை நோயாளிகளையும் கல்லீரல் நோய் உள்ளவர்களையும் சில மணி நேரத்துக்குள்ளேயே வீழ்த்தக்கூடியது. தண்ணீர் பட்ட காயம் வேகமாகச் சிவந்து, வீங்கி, தாங்க முடியாமல் வலித்தால், அல்லது கொப்புளம் கட்டினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

எலிக்காய்ச்சல் மாத்திரையும் டிடி ஊசியும்

டிடி ஊசி ரணஜன்னி எனப்படும் டெட்டனசிலிருந்து காப்பாற்றும், வெள்ளம் கொண்டுவரும் மற்ற நோய்களிலிருந்து காப்பாற்றாது. எலிக்காய்ச்சல், காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைப் பருவத் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்டவருக்கு 10 வருடத்துக்கு ஒரு முறை போதும். அழுக்கான காயம் பட்டால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போடுவோம். போன வருடம் போட்டவர்கள் இந்த வருடம் சும்மா போய்க் குத்திக்கொள்ள வேண்டாம்.

எலிக்காய்ச்சலுக்கு நீங்கள் கேள்விப்பட்ட மாத்திரை டாக்சிசைக்ளின். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் மீட்புப் பணியாளர்களுக்கும் வெள்ளநீரில் இறங்கியவர்களுக்கும் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் என்று சுகாதாரத் துறையே கொடுத்தது. எனவே கேள்வி நியாயமானது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று என்று பிரித்துக் கொடுக்கும் மருந்து இல்லை இது. கர்ப்பிணிக்கு இதைக் கொடுக்கக் கூடாது, எனவே உங்கள் நாத்தனாருக்கு நிச்சயம் கிடையாது. 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாகத் தவிர்ப்போம். தண்ணீரில் இறங்காதவருக்குத் தேவையே இல்லை. தேவைப்படுகிறவரும் சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். உங்கள் மகனோ கணவரோ தண்ணீரில் இறங்க நேர்ந்தால், மருத்துவரையோ சுகாதார முகாமையோ கேட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

மாத்திரை போட்டாகிவிட்டது என்று காய்ச்சலை அசட்டை செய்வதுதான் பெரிய ஆபத்து. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வரும், ஒரு மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் வீடு கழுவி, மழையை மறந்திருப்பீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி, பீளை தள்ளாத சிவந்த கண், கடும் தலைவலி இருந்தால் சந்தேகப்படுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் "வெள்ளத் தண்ணீரில் நடந்தேன், இந்தத் தேதியில்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். வெளியே வெயில் கொளுத்தும் ஒரு நாளில் அது எங்களுக்குத் தோன்றாமல் போகலாம்.

கிணற்றுத் தண்ணீர்

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உண்மை. குமிழிகள் பொங்கிப் புரண்டு கொதிக்க ஆரம்பித்த பிறகு 1 நிமிடம் போதும், அரை மணி நேரம் எரிபொருளை வீணாக்க வேண்டாம். எரிபொருள் இல்லையென்றால் குளோரின் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கும் அளவில் போட்டு 30 நிமிடம் வைத்திருங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கிணறு முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குள் கடல்நீர் புகுந்திருந்தால் கொதிக்கவைப்பது உப்பைக் குறைக்காது, தண்ணீர் ஆவியாக ஆக உப்பு இன்னும் கூடும். குளோரினும் உப்பை எடுக்காது. மாமியாரின் ரத்த அழுத்தத்துக்கு அது ஆகாது. கர்ப்பிணிக்கும் ஆகாது: உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பகால ரத்த அழுத்த உயர்வுக்கும் தொடர்பிருப்பதை வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரிக்கும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். பெட்ரோல், டீசல், பூச்சிமருந்து வாடை அடித்தால் எந்த வைத்தியமும் செல்லாது, அதைத் தொடவே வேண்டாம். மழைக்கு முன்பே மூடியுள்ள பாத்திரங்களில் நல்ல தண்ணீர் நிரப்பி மாடியில் வைப்பதுதான் வழி. வடிந்த பிறகு கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரைப் பரிசோதித்த பின்புதான் பழையபடி புழங்க வேண்டும்.

வெள்ளநீர் பட்ட மருந்துகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அட்டையின் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே மாத்திரை உலர்ந்து பழைய நிறத்தில் இருந்தால், ஒரு வேளைகூடத் தவறக் கூடாத மருந்துகளை மட்டும், புதியது கிடைக்கும் வரை பயன்படுத்தலாம். நனைந்த இன்சுலினுக்கு இந்தச் சலுகை இல்லை.

நாத்தனாருக்கு

அவருடைய பரிசோதனைச் சீட்டுகளை போனில் படம் எடுத்து, அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். பெருமழை வரும்போது அவருக்கு எட்டாவது, ஒன்பதாவது மாதம் ஆகியிருக்கலாம். அப்படியானால் மருத்துவமனைக்கு அருகில், தண்ணீர் நிற்காத இடத்தில் தங்குவது நல்லது. ரத்தப்போக்கு, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, கண் மங்கலோடு தலைவலி, விட்டு விட்டு வரும் வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் மழையைக் காரணம் காட்டிக் காத்திருக்க வேண்டாம், அவசர எண்ணை அழைத்துவிடுங்கள்.

மகனை அனுப்பாதீர்கள்

நீச்சல் தெரிந்த பையன் என்ற தைரியத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். குளத்து நீச்சல் ஓடும் வெள்ளத்தில் உதவாது. 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீரே ஆளைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்கவைக்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துப்போகும். மூடி இல்லாத பாதாளச் சாக்கடையும் அறுந்து விழுந்த மின்கம்பியும் கலங்கலுக்குள் கண்ணுக்குத் தெரியாது, அங்கே நீச்சலுக்கு வேலையே இல்லை. பாம்புகளும் மேடு தேடி வீட்டுப் படிக்குத்தான் வரும். யாரையாவது கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவன் போக வேண்டி வந்ததற்குக் காரணம் வீட்டில் மருந்து தீர்ந்திருந்ததுதான். மழைக் காலம் தொடங்கும்போதே இரண்டு வாரத்துக்கான மருந்தும் ஊசிகளும் ஸ்ட்ரிப்புகளும் கையில் இருந்தால் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. மாமியாரை அடுத்த முறை பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது அவருடைய மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சாப்பாடு குறையும் நாளில் இன்சுலின் எத்தனை யூனிட்? வாந்தியோ பேதியோ ஆனால் எந்த மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும்? இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மருந்து எழுதித் தர முடியுமா? பதில்களைச் சீட்டிலேயே எழுதி வாங்கி, ஒரு நகலை மகனிடமும் கொடுத்து வையுங்கள். அவசரத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவன் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.